ஏழாம் அத்தியாயம்

பிப்ரவரி 3, செவ்வாய்
பெர்கனில் வழக்கம்போல மழை. ஆஸ்பியோர்ன் விடியலில் எழுந்து நான்கு பக்கம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் போனான். ரொட்டிப் பொட்டலம் மேசையிலேயே கிடக்கிறது. பதினோரு புத்தகம் எழுதியவன், வாசகர் கடிதம் ஒவ்வொன்றுக்கும் கைப்பட பதில் போடுகிறவன். சாப்பாடு மட்டும் நினைவிருக்காது, நான் கட்டிக்கொண்ட மேதைக்கு.

பிப்ரவரி 11, புதன்
தபாலில் ஒரு தடித்த ஆய்வேடு. எழுதியவள் தூருன், கிரின்டோய் தீவுக்காரி, ஐம்பது வயதுப் பள்ளி ஆசிரியை. அந்தத் தீவைப் பற்றி எழுதி இவன் பெயர் வாங்கிய புத்தகத்தின் ஏழாம் அத்தியாயமே தவறு என்கிறாள். 1893 புயலில் பேடர் என்ற படகோட்டி, கவிழ்ந்த படகில் தவித்தவர்களைக் கைவிட்டுத் தப்பித்தான் என்று இவன் எழுதியிருந்தான். இல்லை, பேடர் மூன்று முறை திரும்பிப் போனான் என்கிறாள் அவள். பேடர் அவளுடைய கொள்ளுத்தாத்தா.

"அந்தத் தீவுக்கே போய் எல்லார் முன்னாடியும் அந்த அத்தியாயத்த வாசிச்சேன், ராக்னில்ட். ஒருத்தர் வாயத் திறக்கல. தப்புன்னா அன்னிக்கே சொல்லியிருக்க மாட்டாங்களா?"

கோபம்கூட இல்லை குரலில். அதுதான் எனக்குப் பயம்.

பிப்ரவரி 24
மூன்றாம் முறை படிக்கிறான்.

மார்ச் 5, வியாழன்
நாளை தூருனுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, பொதுச் சபையில். கூட்டத்தில் இருக்கிற யார் வேண்டுமானாலும் எழுந்து மறுக்கலாம். மறுத்தவருக்கும் அன்றிரவு விருந்தில் இடம் உண்டு, அதுதானே எங்கள் வழக்கம். இவன் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஐயோ, எதுக்கு? அவள் தடுமாறினால் அவள் பட்டம் போகும். தடுமாறாவிட்டால் இவன் பேர் போகும். இதில் எதை நான் பார்க்க வேண்டும்?

"நீ பேசாம இருந்தா என்ன, குறைஞ்சா போயிடும்?"

"ஆமா, குறைஞ்சிடும்" என்றான். பிடிவாதக்காரன்.

மார்ச் 6, வெள்ளி
விருந்துக்குக் கிளம்பும் முன் எழுதிவிடுகிறேன். தீவிலிருந்து முப்பது பேர் நல்ல உடுப்பில் முன்வரிசைகளில் இருந்தார்கள். இவன் எழுந்தான்.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஊர்ல வாசிச்சேன். ஏன் யாரும் மறுக்கல?"

தூருன் வெளுத்துப்போனாள். ஆனாலும் சொன்னாள்: "நீங்க கையில காபி வச்சிருந்தீங்க, ஆஸ்பியோர்ன். எங்க காபிய குடிச்சுக்கிட்டிருக்கிற விருந்தாளிய மறுத்துப் பேசறது எங்க ஊர்ல கிடையாது. எங்கம்மாதான் உங்களுக்கு மூணு தடவ ஊத்தினாங்க. நீங்க போனப்புறம் அழுதாங்க."

சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே நின்றது.

இவன் முன்வரிசையைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தான். "இன்னிக்கு வெறுங்கையோடதான் வந்திருக்கேன். சொல்லுங்க."

ஒரு கிழவர் எழுந்தார். "மூணாவது தடவ போகையில பேடரோட துடுப்பு ஒடிஞ்சுது. அது இன்னும் எங்க கொட்டகையிலதான் கிடக்கு. நீ வாசிச்சிட்டுப் போயிட்ட, தம்பி. கேக்கவே இல்லியே."

அறுபத்தாறு வயதுத் தம்பி தலையை ஆட்டினான். "கேக்கல. கேட்டிருக்கணும்." பிறகு தேர்வாளர்களிடம் திரும்பினான். "என் மறுப்பு ஒண்ணே ஒண்ணு. இந்த ஆய்வேடு என்கிட்ட ரொம்ப மரியாதையா நடந்துக்குது. 'கவனக்குறைவு'ன்னு எழுதியிருக்கு. கர்வம்னு எழுதணும்."

உட்கார்ந்துவிட்டான். நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். நாற்பத்தொரு வருடத்தில் இவனைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

மார்ச் 7
தூருனுக்குப் பட்டம் கிடைத்தது. விருந்தில் இவனுக்கு அவள் அம்மா பக்கத்தில் இடம். சூப் முடியும்வரை அந்த அம்மா வாய் திறக்கவில்லை. பிறகு, "உங்க மத்த புத்தகமெல்லாம் பரவால்ல" என்றாள்.

மே 2
பதிப்பாளரோடு சண்டை. மறுபதிப்பில் ஓர் அடிக்குறிப்பு போதுமாம். இவன் விடவில்லை, ஏழாம் அத்தியாயத்தைத் தூக்கிவிட்டுத் தூருனையே எழுதச் சொல்லியிருக்கிறான், அவள் பெயரில்.

செப்டம்பர் 19
தூருனின் மகளுக்கு ஆண் குழந்தை. பேடர் என்று பெயர். புத்தகம் வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வைக்காத பெயர். ஞானஸ்நானத்துக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பியோர்ன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்: "நான் வந்தா அவங்களுக்குச் சங்கடமா இருக்காதா?"

அழைப்பின் அடியில் தூருனின் அம்மா எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன்: "பேடரை ஞானஸ்நானத் தொட்டிக்குப் பேராசிரியர்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்."