சித்தியின் வேனில் கடைசி சீட்டு

சித்தி,

புது ரெக்ஸின் வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டு முகம் கழுவியும் போகவில்லை. இன்று மாலை எங்கள் பள்ளிக்கூட வாசலில் புது வேனுக்குப் பூஜை போட்டார்கள். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம். டிரைவர் அண்ணன் வண்டியை நகர்த்தியதும் பழங்கள் நசுங்கின, எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் ஒதுங்கி நின்றேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது உன் வண்டி. ரொட்டிப் பெட்டிக்குக் கண்ணு மூக்கு வைத்தது போல் இருக்கும் என்று நீதானே சொல்வாய்?

நாளைக் காலையில் அதில் ஏறி நான் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். மாவட்ட கோ-கோ போட்டி. எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாள். உனக்கு எழுதுவதைப் பார்த்தால் அழுவாள். அதனால் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், திட்டாதே.

போன வருடம் திருப்போரூர் போட்டிக்குப் பழைய வேனில் போனோம். எனக்கு வேன் ஒத்துக்கொள்ளாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கேப்டன் ரெஜினாவின் புது ஷூ மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். “அடிப்பாவி, மாமல்லபுரம் கூட தாண்டலியேடி, அதுக்குள்ளயா?” என்று அவள் கத்தியது முன்சீட்டு வரை கேட்டது. மைதானத்தில் எனக்குக் கால் நிற்கவில்லை. முதல் ஆளாக அவுட். நாங்கள் தோற்றோம். அதன் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் ரெஜினா, “கையில கவர் கீதா?” என்றுதான் கேட்பாள். இந்த வருடமும் வேன் பயணம்தான், ஊரும் வண்டியும்தான் வேறு. காலையில் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன். ஆனால் எனக்கு விளையாட வேண்டும், சித்தி. இந்த வருடம் நான் நன்றாக ஓடுகிறேன்.

நீ கூடுவாஞ்சேரியில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருந்தாய். ஜி.எஸ்.டி. ரோட்டில் வேன் தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர். சனிக்கிழமை மாலையானால் பஸ் பிடித்துப் புதுப்பட்டினம் வந்துவிடுவாய். செருப்பைக் கழற்றும் முன்பே வண்டிப் பேச்சு தொடங்கிவிடும். அம்மா தோசை சுடச் சுட நீ பேசிக்கொண்டே தின்பாய். எத்தனை தின்றாய் என்று உனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

முதலில் நீங்கள் செய்தது சரக்கு வேன். சின்ன வண்டி, பின்பக்கம் முழுக்க மூடிய தகரம், முன்னால் டிரைவருக்கும் இன்னொருவருக்கும் மட்டும் இடம். ரொட்டியும் முட்டையும் பார்சலும் ஏற்றிக்கொண்டு எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். நன்றாக விற்றது. ஆனால் வாங்கியவர்களில் பலர் அதை நேரே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போய், பக்கத்துத் தகரத்தை வெட்டிக் கண்ணாடி மாட்டி, உள்ளே பெஞ்சு அடித்து, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆள் ஏற்றத் தொடங்கினார்கள். அப்படி ஒரு வண்டியை எங்கள் மார்க்கெட்டில் பார்த்துவிட்டு வந்து நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

“இஷ்டத்துக்கு வெட்டிக்கீறானுங்க மாமா. அந்த சைடு தகரம்தான் வண்டிக்கு எலும்பு. எலும்ப வெட்டிட்டு ஜாலியா காத்து வாங்கிகினு போறானுங்க.”

“ஜனங்களுக்கு வேணும்னுதானே வெட்றாங்க? நீங்களே செஞ்சி குடுங்களேன்” என்றார் அப்பா. மளிகைக் கடைக்காரருக்கு எல்லாமே அவ்வளவு சுலபம். கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

“அதான் செய்யப் போறோம். அந்த வேல யாரு கையில வந்துக்கீது தெரியுமா?” என்று உன் மார்பைத் தட்டிக்கொண்டாய். கை முழுக்கச் சட்னி.

ஆள் ஏற்றும் வண்டிக்கு மூன்று வரிசை சீட்டு. ஓட்டிப் பார்க்கும்போது ஆட்களுக்குப் பதிலாகச் சீட்டுகளில் மணல் மூட்டைகளைக் கட்டி வைப்பீர்களாம். நீ அந்த மூட்டைகளுக்கெல்லாம் சொந்தக்காரர்களின் பெயரை வைத்திருந்தாய். இருப்பதிலேயே கனமானது பெரியப்பா. கடைசி வரிசையில் இருக்கும் சின்ன மூட்டைக்கு என் பெயர்.

“எல்லாரும் வண்டி சூப்பர்ன்றாங்க. முன்னாடி உக்காந்து ஓட்றவன் சொல்றான். பின்னாடி மூட்ட உக்காந்துகினு கீது. மூட்ட இன்னா வாந்தியா எடுக்கும்?” என்று ஒரு நாள் சலித்துக்கொண்டாய்.

“அப்ப இவள இட்டுனு போ. தெருமுன வரைக்கும் ஆட்டோல போனாலே எடுப்பா” என்று அம்மா கிண்டல் செய்தாள்.

நீ சிரிக்கவில்லை. என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாய். கடையில் தேடித் தேடிக் கிடைக்காத சாமான் வீட்டு அலமாரியிலேயே இருந்தால் ஒருவர் எப்படிப் பார்ப்பார், அப்படி.

கம்பெனியில் ஊழியர் குடும்பங்களை அழைக்கும் நாள் வந்தது. வளைந்து வளைந்து போகும் உங்கள் சோதனை ரோட்டில் புது வண்டியில் ஒரு சுற்றுக் கூட்டிப்போனார்கள். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் வேன் படம் போட்ட தொப்பி கொடுத்தார்கள். உன் பெரிய அதிகாரி முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டு வந்தார். “சோபா மாதிரி இருக்கும் பாருங்க, சோபா!” என்றார். கடைசி வரிசையில் நான், என் பக்கத்தில் நீ. அந்தச் சோபா ஒவ்வொரு மேட்டிலும் என்னைக் கூரைக்குத் தூக்கிக் கீழே போட்டது. மூன்றாவது வளைவு என்று நினைக்கிறேன். அந்தத் தொப்பியைத்தான் நீ சரியான நேரத்தில் என் வாய்க்கு நேராகப் பிடித்தாய்.

வண்டியை நிறுத்திவிட்டு அதிகாரி, “பாப்பா காலையில என்ன சாப்பிட்டுச்சு?” என்று கேட்டார்.

“இட்லி சார். இவ வூட்ல இருந்தா அதே இட்லி உள்ளயே இருக்கும் சார்” என்றாய் நீ.

எனக்கு அழுகையாக வந்தது. நீயோ அந்தத் தொப்பியைக் கோப்பை வாங்கியவள் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

பிறகு அவரே உன்னைக் கூப்பிட்டு, அப்பா கூட வந்தால் பாப்பாவை மறுபடியும் கூட்டி வரலாம் என்று சொன்னாராம். அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்தார், சட்டைக்கு இஸ்திரி போட்டு! நாம் போகும்போதெல்லாம் வண்டி கொஞ்சம் மாறியிருக்கும். சரக்குக்கு என்று போட்ட கெட்டி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஏற்ற மாதிரி வேறு போட்டிருப்பீர்கள். சரக்கு நிறைய இருந்தால் கெட்டி ஸ்பிரிங் அடங்கிக் கிடக்குமாம், பாரம் குறைந்தால் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுமாம். மெத்தென்று போட்டதும் வண்டி படகு மாதிரி ஆடியது, அதிலும் எடுத்தேன். மறுபடி மாற்றினீர்கள். சுற்று முடிந்ததும் நீ ஒரே கேள்விதான் கேட்பாய்: “வயித்துலயா, தொண்டைலயா, வாய்லயா?”

உன்னோடு வேலை செய்த அண்ணன்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். “மேடம், இன்னைக்கு தொண்டைதான். போன வாட்டிக்கு தேவல” என்று ஒருவர் முகத்தை மாற்றாமல் சொல்வார். மீட்டிங்கில்கூட அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று நீ சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு நாள் எனக்கு உன் மேல் பாவமாகிவிட்டது. நீ களைத்துப்போய் இருந்தாய். “நல்லா கீது சித்தி, ஒண்ணுமே தெரில” என்றேன். என் முகம் வெளுத்திருந்திருக்கும். நீ என் தலையில் லேசாகக் குட்டினாய். “நல்லா கீதுன்னு சொல்ல ஆபீஸ் நெறைய ஆள் கீறாங்கடி. நல்லா இல்லன்னு சொல்றதுக்கு நீ ஒருத்திதான். நீயும் அந்தப் பக்கம் போய்ட்டா நான் இன்னா பண்றது?”

கடைசியாக உனக்கு ஜன்னல் சண்டை. பின் வரிசை ஜன்னல் தள்ளினால் திறக்க வேண்டும் என்றாய். ஏ.சி. போட்ட வண்டியில் ஜன்னலை யார் திறக்கப் போகிறார்கள் என்றார்களாம். “ஏ.சி. முன்னாடி கீறவனுக்கு வரும். பின்னாடி வர்றதுக்குள்ள அதுக்கே மூச்சு வாங்கும்” என்று நீ சொன்னாயாம். வாராவாரம் வந்து அந்தச் சண்டையைத் தொடர்கதை மாதிரி சொல்வாய். முடிவு மட்டும் வரவே இல்லை. அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். உன்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு மாற்றிய அன்று அம்மாதான் ஆம்புலன்ஸில் கூட வந்தாள். நீ கண்ணைத் திறக்காமலே, “பின்னாடி எவ்ளோ குதிக்குது பாருக்கா, இதுக்கு எவன் ஸ்பிரிங் போட்டான்?” என்று கேட்டாயாம். அம்மா சிரித்துவிட்டாளாம். நீ பேசியதில் அதுதான் கடைசி. அதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். சொல்லும்போதும் சிரித்தாள், பிறகு அடுப்பங்கரைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு நம் வீட்டில் வேனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்று பூஜை முடிந்து எல்லோரும் சுண்டல் வாங்கப் போனதும் நான் மெதுவாக வண்டிக்குள் ஏறினேன். நேரே கடைசி வரிசைக்குப் போனேன். பயத்தைவிட, அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ளும் அவசரம்தான் பெரிதாக இருந்தது. கண்ணாடியைப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. அந்தப் பக்கம் போய்த் தள்ளினேன். அதுவும் அசையவில்லை. ரப்பர் வைத்து ஒரேயடியாக ஒட்டியிருக்கிறார்கள், சித்தி. நீ தோற்றுப்போய்விட்டாய். எனக்கு ரெஜினா மேல்கூட அவ்வளவு கோபம் வந்ததில்லை.

“அக்கா, இன்னா பண்றீங்க?”

வண்டி வாசலில் யமுனா நின்றுகொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு, எங்கள் அணியில் மாற்று ஆட்டக்காரி. உருவம் சின்னது, ஓட்டம் பேய் ஓட்டம். கையில் இரண்டு பிளாஸ்டிக் கவரை மடித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

“உனக்குமா?” என்றேன்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. ரெஜினாக்கா கிண்டல் பண்ணும்.”

அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் சீட்டில் சாய்ந்து வெளியே பார்த்தாள். “அக்கா, இங்கேர்ந்து ரோடு தெரியுது. பழைய வண்டில எனக்கு வானம்தான் தெரியும்” என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கண்ணாடியின் கீழ் விளிம்பு நன்றாக இறங்கியிருந்தது. நீங்கள் மரத்தில் செய்து வைத்திருந்த வண்டியின் மாதிரிக் கூட்டுக்குள் ஒரு நாள் என்னை உட்கார வைத்தாய். என் கண் எங்கே வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டாய். ரோடு தெரிந்தால் வயிறு ஏமாறாது என்று சொன்னாய். அப்போது நான் ஆறாம் வகுப்பு. இப்போது நான் வளர்ந்துவிட்டேன். அந்தக் கோட்டின் உயரத்தில் யமுனா உட்கார்ந்து சாலையில் போகிற மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உன்னைத் தெரியாது.

இறங்கி நேரே பி.டி. மிஸ்ஸிடம் போனேன். ரெஜினாவும் அங்கேதான் சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

“மிஸ், எனக்கு வேன் ஒத்துக்காது. வாந்தி வரும். வழியில திருக்கழுக்குன்றத்துல கொஞ்ச நேரம் நிறுத்தினா இறங்கி நடந்துட்டு வருவேன். அப்புறம் நல்லா விளையாடுவேன்” என்றேன்.

மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இத போன வருஷமே சொல்லியிருக்கலாமே? நிறுத்தலாம்மா” என்றார், அவ்வளவுதான்.

ரெஜினா, “அங்க டீ நல்லா இருக்கும் மிஸ்” என்றாள்.

அதனால் நாளை போகிறேன். சொல்லிவிட்டேன் என்பதால் பயம் போய்விடவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், இப்போதும் இருக்கிறது. யமுனா என் பக்கத்தில் உட்காருவாள். அவளைப் பற்றி நான் மிஸ்ஸிடம் சொல்லவில்லை. அதை அவளே சொல்லட்டும், நான் கூட நிற்கிறேன்.

ஆனால் அந்த ஜன்னல் திறக்கிற மாதிரி இருந்திருக்க வேண்டும், சித்தி. நீ சொன்னதுதான் சரி. உன் கம்பெனியில் இப்போது இதை யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் முதல் வேலையாக டிரைவர் அண்ணனிடம் சொல்கிறேன்.