பூட்டு வைத்த சமையலறை அலமாரி

வில்லியனூர்
12.9.1984

அன்புள்ள மகன் யாகப்பனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. மாதா கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மருமகளும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். பாரீசில் குளிர் தொடங்கிவிட்டதாமே, காதை மூடாமல் வெளியே போகாதே. சமையலறைக்குப் பலகை பலகையாகப் பெட்டியில் வரும் அலமாரியைக் கப்பலில் அனுப்பட்டுமா, இல்லை நம் ஊர் ஆசாரியிடமே செய்துகொள்கிறீர்களா என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாமே திருகாணி முடுக்கி நிறுத்திவிடலாமாம், கரையான் அண்டாதாம், ஆசாரி ஆதிமூலத்திடம் கொடுத்தால் அடுத்த திருவிழா வரைக்கும் இழுப்பாராம். ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் சுத்தியலைத் தேடியே பொழுதை ஓட்டுகிற மனுஷன் திருகாணிக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறாரே என்று படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். அதில் பூட்டே இல்லை! அப்போதுதான் விஷயம் புரிந்தது. சர்க்கரை வியாதியால் அவர் கால்விரல் புண் ஆறவேயில்லை, இனிப்பை விடாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கானால் பயத்தில் சோறு இறங்கவில்லை, இவரோ தவளக்குப்பத்திலிருக்கும் உன் அக்கா பிள்ளைகளுக்காகச் சுட்டுவைத்த அதிரசத்தைத் தேடி அடுப்படியையே சுற்றுகிறார். அதனால் பெட்டி வேண்டாமென்று ஆதிமூலத்தையே கூப்பிட்டு, சுவருக்கு அளவெடுத்து, வேப்பம்பலகையில் பூட்டோடு செய்யச் சொன்னேன். செய்து மாட்டியும் விட்டார். சாவி என் இடுப்பில்.

போன வாரம் பார்த்தால் அலமாரியின் பக்கப் பலகையோரம் எறும்பு சாரை சாரையாகப் போகிறது. கைவைத்தேன், பலகை அப்படியே நகர்ந்தது. உள்ளே அதிரச டப்பா பாதி காலி. ஆதிமூலத்தைப் பிடித்துக் கேட்டால், நீ பூட்டு கேட்ட வெச்சேன், பெரியவரு வழி கேட்டாரு வெச்சேன், நான் இன்னாம்மா பண்றது என்கிறார். ஆணி அடித்து அடைத்தால் இவர் வேறு வழி தேடுவார். அதனால் அதிரசத்தை உன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதே டப்பாவில் பொட்டுக்கடலையைக் கொட்டி வைத்தேன். தினமும் குறைகிறது, மனுஷன் வாயே திறக்கவில்லை, திறந்தால் திருட்டு வெளியே வந்துவிடுமே. புண்ணும் இப்போது காயத் தொடங்கியிருக்கிறது, எனக்கு அதுதான் சந்தோஷம். நேற்று டப்பா காலியாகிவிட்டது போலிருக்கிறது. கடைப்பக்கம் போறேன், பொட்டுக்கடலை வாங்கியாரட்டா என்று தானாகவே வந்து நிற்கிறார். சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை எடுத்துக் கொடுத்தேன்.

மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றுவாள். வேளைக்குச் சாப்பிடுங்கள். உன் கடிதத்தை முதலில் பிரிப்பவர் அப்பாதான், இதைப்பற்றி மூச்சு விடாதே.

உன் அம்மா
ஆரோக்கியம்