நாற்பத்தேழாம் பக்கம்

மார்ல்ஸ்டெட்,
9 செப்டம்பர் 1996

அன்புள்ள மியூரியலுக்கு,

எனிட் எழுதுவது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. முந்தைய மூன்று கடிதங்களுக்கும் அந்தக் கதிதான் என்று நினைக்கிறேன். இதை மட்டும் முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் போடு. இன்வர்னஸ் குளிர் உன் முழங்காலுக்கு ஆகாதே என்று இங்கே எனக்குக் கவலை. உன் அண்ணன் மகள் உன் அறையில் ஒழுங்காகக் கணப்பு மூட்டித் தருகிறாளா?

கோயில் கூரை தெற்குப் பக்கம் மறுபடி ஒழுகுகிறது. போதகர் அம்மாவுக்கு ஐந்து ஊர் சபை என்பதால் நமக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் ஆராதனை. போன ஞாயிறு மொத்தம் பதினொரு பேர். உன் இடத்தில் புதிதாக வந்த ஒருத்தி உட்காரப் போனாள். நான் முறைத்த முறைப்பில் பாவம், தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். கல்லறைத் தோட்டத்தில் உன் அப்பா பக்கத்தில் உனக்கென்று ஒதுக்கிய இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி நீ எழுதியிருக்கிறாயாம். "மியூரியல் மனசு மாறலேன்னா மாசக் கடைசியில நான் கையெழுத்துப் போட்டாகணும். ரெண்டு குடும்பம் காத்துக்கிட்டிருக்கு. அதோட தோட்டம் நிறைஞ்சிடும். அப்புறம் நினைச்சாலும் இடம் கிடைக்காது" என்றார். தாயில்லாத இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்த மனுஷன் பக்கத்தில் நீ இல்லாமல் போவதா? அதுவும் என்னால்?

கோயிலின் எழுநூறாம் ஆண்டுக்கு நம் சபையின் வரலாற்றை எழுதுகிறேன் என்று நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். கொள்ளைநோயில் செத்தவர்கள், விரிசல் விட்ட மணி, பிரசங்க மேடைவரை வேட்டை நாயைக் கூட்டி வந்த போதகர், எல்லாவற்றையும் எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். நாற்பத்தேழாம் பக்கத்தில் 1921-ஆம் வருஷத்துக் கல்யாணப் பதிவேட்டின் படத்தைப் போட்டு, "இந்த நூற்றாண்டிலும் கையெழுத்துப் போடத் தெரியாத மாப்பிள்ளைகள் நம்மூரில் இருந்தார்கள்" என்று கீழே ஒரு வரி எழுதினேன். பெயரை நான் எழுதவில்லை. எழுதுவானேன்? படத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் போட்ட பெருக்கல் குறிக்குப் பக்கத்திலேயே அன்றைய போதகர் முத்துமுத்தாக எழுதி வைத்திருக்கிறாரே, "ஜேபஸ் கேட்ச்போல், அவர் இட்ட அடையாளம்" என்று.

முப்பது வருஷம் ஞாயிறுதோறும் வேதாகமத்தைச் சிறகில் தாங்கும் பித்தளைக் கழுகின் முன்னால் நின்று வேதபாடம் வாசித்த உன் அப்பா!

விழாவன்று தேநீர்க் கூடாரத்தில் டெரிக் பன்னெட் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "அப்போ ஜேபஸ் தாத்தா முப்பது வருஷமா எதைப் பாத்து வாசிச்சாராம்? கழுகு மூக்கையா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மியூரியல். நீ ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். அடுத்த மாதம் ஊரையே விட்டுப் போனாய்.

நீ போன பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி அந்தப் பக்கத்தை வெட்டினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். "டீச்சர், வெட்டின பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு இப்போ பக்கத்து ஊர்க்காரனும் கேக்குறான்" என்கிறான் டெரிக். ஒன்றாம் வகுப்பிலேயே அவன் காதைத் திருகி வைத்திருக்க வேண்டும்.

ஆனால் மணியடிக்கும் வில்ஃப்ரெட் ஒன்று சொன்னான். அதை நீ கேட்டே ஆக வேண்டும். கத்தரிக்கோலோடு என்னைப் பார்த்ததும், "ஏன் எனிட், ஜேபஸுக்கு எழுத்து தெரியாதுன்னு உனக்கு இப்பத்தான் தெரியுமா?" என்று கேட்டான். முப்பத்தெட்டில் ஒரு ஞாயிறு பெரிய வேதாகமம் கட்டுப் பிரிந்து பைண்டிங்குக்குப் போயிருந்ததாம். கழுகின்மேல் இருந்தது பழைய பாட்டுப் புத்தகம். உன் அப்பா அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசாயா நாற்பதாம் அதிகாரத்தைக் கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் சொன்னாராம். பாடகர் வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "அன்னிக்குச் சாயங்காலமே ஊருக்கே தெரியும். உங்க ரெண்டு வீட்டுக்கு மட்டும் சொல்லலே. நம்மூரு ஒழுங்காக் காப்பாத்தின ஒரே விஷயம் இதுதான். நீ படிச்சவ, போய் அச்சடிச்சிட்டே" என்றான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சின்ன வயதில் சனிக்கிழமை மத்தியானம் உன்னை விளையாடக் கூப்பிட்டால், "அப்பாவுக்கு வேலை இருக்கு" என்பாய். மாட்டுக் கொட்டகையில் மறுநாள் பாடத்தை நீ அவருக்கு வாசித்துக் காட்டிய நேரம் அது என்று இப்போதுதான் புரிகிறது. ஒன்பது வயதில் உனக்கு வாயை அடக்கத் தெரிந்தது. எழுபத்து மூன்றில் எனக்குத் தெரியவில்லை.

இனிச் சொல்லப் போவதைப் போதகர் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. பெயர் கண்ணில் படவில்லை என்று உன்னிடம் சத்தியம் செய்தேன். அது பொய். பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். என் அப்பா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், இலத்தீன் படித்தவர். அவரை ஒரு ஞாயிறுகூட யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை. "ஜேபஸ் மாதிரி வருமா?" என்று ஊரே சொல்லும். அப்பா வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷம் கழித்து அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு அற்பமாக நான் இருந்திருக்கிறேன். உன் முகத்துக்கு நேரே சொல்லத் துணிச்சலில்லாமல் எழுதுகிறேன்.

உன் இடத்துக்கு அடுத்த இடம் எனக்கென்று எழுதி வைத்திருந்தோம். "செத்தாலும் உன் தொணதொணப்பு என்னை விடாதா?" என்று அப்போது நீ கேட்டாய். அந்த இடம்தான் உன்னைத் தடுக்கிறது என்றால், இனி அந்தச் சங்கடம் வேண்டாம். நேற்றே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வடக்குச் சுவரோரம் தொட்டால் அரிக்கும் நெட்டில் செடி மண்டிக் கிடக்கும் மூலையில் எனக்கு வேறு இடம் பார்த்தாயிற்று. நமக்கு நடுவில் முழுக் கோயிலும் இருக்கும். என் குரல் உனக்குக் கேட்காது.

எனக்குப் பதில் போட வேண்டாம். மாசக் கடைசிக்குள் போதகர் அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி எழுது. உன் அப்பா பக்கத்தை விட்டுக்கொடுக்காதே, மியூரியல். கர்த்தர் உன் முழங்காலையும் உன்னையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
வடக்குச் சுவரோரத்து
எனிட் லார்ட்டர்