நாலு பத்துக்கு ஏறும் முள்

கருவியைத் துடைத்த ஸ்பிரிட் வாடை கையில் இன்னும் போகவில்லை. நேற்று அந்தக் கருவியிலிருந்து உன் முடியைக் கழற்றிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காற்றின் ஈரத்தை அளக்கும் நம் அலுவலகத்துப் பழைய கருவிக்கு மனித முடிதான் வேண்டும். ஈரம் கூடினால் முடி நீளும். அதோடு கட்டிய முள் தாளில் கோடு போட்டபடி மேலே ஏறும். ஒருமுறை மாற்று முடி வந்து சேரவில்லை. நீ கத்தரிக்கோலை எடுத்து உன் பின்னலிலேயே ஒரு சாண் நறுக்கினாய். எங்கள் வீட்டில் சீப்பில் சிக்கிய முடியைக்கூட வெளியே போட விடமாட்டார்கள், யாராவது எடுத்துச் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஏன்டி இப்படி" என்று பதறினேன்.

"முடி செத்த பொருள்ட்டி. உயிர் இருந்தா வெட்டும்போது வலிக்கும்லா" என்றாய். திருநெல்வேலிக்காரிக்குக் கேலி செய்யச் சொல்லியா தர வேண்டும்.

தினமும் நாலு பத்துக்கு அளவு பார்க்க வருவாய். அவ்வளவு படித்தவள், கண்ணாடி மூடியைத் தூக்கிவிட்டு முகத்தை ஒட்டிக்கொண்டு குனிவாய். மூச்சுப் பட்டு முள் ஏறும். தள்ளி நின்று மூச்சு விடு என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்.

பிறகு அந்த நோய். மருந்தில் உன் முடியெல்லாம் கொட்டியது. கடைசியாக அலுவலகம் வந்த அன்று, தலையில் துப்பட்டாவோடு கருவி முன்னால் நின்றாய். "எந் தலையில இல்லாதது இங்க இருக்கு பாத்தியா?" என்றாய்.

நீ போன மறுவாரம் தாளைக் கழற்றிப் பார்த்தேன். ஏழு நாளும் நாலு பத்துக்கு முள் ஏறி இறங்கியிருந்தது. அறை பூட்டிக் கிடந்த ஞாயிறன்றும். பக்கத்துக் கருவியில் ஒன்றுமில்லை. ஏ.சி.யை நிறுத்தினேன். கருவியை வேறு அறைக்கு மாற்றினேன். அங்கேயும் ஏறியது. யாரிடமும் சொல்லவில்லை. தினமும் அந்த நேரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காகவே அலுவலகம் போனேன்.

மீதமிருந்தது ஒரே சோதனை. "மேடம்ஜி, பால் பதல் தூங்?" என்று நம் இந்திக்கார டெக்னீஷியன் பையாவும் கேட்டுக்கொண்டே இருந்தார், முடியை மாற்றிவிடவா என்று. மாற்றினால் நீ போய்விடுவாயோ என்று எனக்குப் பயம். மாற்றாவிட்டால் நீயே சிரிப்பாய். முன்பு நான் பதிவேட்டில் 'காரணம் இல்லை' என்று எழுதியதை நீ அடித்துத் திருத்தினாய். "தெரியலன்னு எழுது. இல்லன்னு எழுத நீ யாரு?"

நேற்றும் வெள்ளிக்கிழமைதான். நானே மாற்றினேன். நாலு பத்துக்கு முள் அசையவில்லை. பழைய முடியில் பழுது இருந்திருக்கும் என்பாய். நீ அன்று சொன்னபடியே பதிவேட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

உன் முடியைக் குப்பையில் போட மனம் வரவில்லை. தாளில் மடித்து மோதி பாக்கில் உள்ள என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். சற்றுமுன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே மே மாத அனல். துவைத்த துணி கால் மணியில் காய்ந்துவிடுகிறது. மணி நாலு எட்டு. மூச்சை அடக்கிக்கொண்டேன். நாலு பத்துக்கு முடி ஈரமாக இருந்தது.

என் கை வியர்த்திருக்கலாம். காரணம் தெரியவில்லை என்றே எழுதிக்கொள்கிறேன். கையைத்தான் இன்னும் துடைக்கவில்லை.