மருமகளை அழவைக்கும் கிழங்கு

பீசாக் மலை,
ஜூன் 19.

அன்புள்ள மாரித் அண்ணிக்கு, உங்கள் நாத்தனார் ஹெர்மிலா எழுதிக்கொள்வது.

இங்கே அம்மாவும் நானும் ஆடுகள் பதினொன்றும் சௌக்கியம். கடல் தாண்டி அங்கே பெர்கன் நகரத்தில் நீங்களும் வில்பெர் அண்ணனும் குழந்தை உர்பியும் சுகமாக இருக்க மலைச்சாமிகளை வேண்டிக்கொள்கிறோம். கையில் போன் இருக்க இவள் ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பீர்கள். நான் போனில் பேசினால் அம்மா என் தோளிலேயே காதை வைத்துக்கொண்டு நிற்பாள். உங்களுக்குத் தெரியாததா? இந்தக் கடிதத்தை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். அண்ணனிடம் காட்டுவதும் காட்டாததும் அப்புறம் உங்கள் இஷ்டம்.

இந்த வருடம் பனி நன்றாக விழுந்தது. உருளைக்கிழங்கை மேட்டில் பரப்பி, மூன்று ராத்திரி உறையவிட்டு, மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, இப்போது வெயிலில் காய்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி, மிதிக்க முடியவில்லை. கல்லில் உட்கார்ந்துகொண்டு என் மிதியைக் குறை சொன்னாள். நான் ஆடுகிறேனாம், மிதிக்கவில்லையாம். காய்ந்ததும் ஒரு பை அனுப்புகிறேன். நீங்கள் ஒருத்திதான் இந்த உறைகிழங்கை முதல் தடவையே முகம் சுளிக்காமல் தின்ற வெளியூர்க்காரி.

நீங்கள் அனுப்பிய வீடியோவை மலை முழுக்கப் பார்த்துவிட்டது. நூலக மாடியில் நாற்பது பேருக்கு எங்கள் ஊர்ச் சாப்பாடு போட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன். மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்த குழம்பைக் கிழங்கின் மேல் ஊற்றியதும், அந்த வெள்ளைக்காரர்கள் கண்ணில் தண்ணீர் வர வரத் தின்றதும், சுவரில் எங்கள் மலையின் படத்தை மாட்டி ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் சொன்னதும் எல்லாம் பார்த்தோம். குடிப்பதற்கு முன் முதல் வாயைப் பூமித்தாய்க்கு ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மாடியில் பூமிக்கு எங்கே போவது என்று பூந்தொட்டியில் ஊற்றினீர்கள். நான் சிரித்தேன். அம்மா என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "தொட்டியிலயும் அவதாண்டி இருக்கா" என்றாள்.

பிறகு நீங்கள் கிழங்கு சீவுவதைப் பக்கத்தில் காட்டினார்கள். தோல் மெல்லிசாக நாடா போல இறங்கியது. அம்மா போனைப் பிடுங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "எவ்வளவு பதமா சீவுறா பாரு. அன்னைக்கு மட்டும் என்னதான் ஆச்சோ இவளுக்கு" என்றாள். எனக்கு உங்கள் இடது கைதான் தெரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே அந்த வெள்ளைத் தழும்பு. போனை அம்மாவிடமே விட்டுவிட்டு ஆடுகளைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

அதற்கு மறுநாள்தான் உங்கள் செய்தி வந்தது. ஆகஸ்டில் மூவரும் வருகிறீர்கள், உர்பிக்கு இங்கேயே முதல் முடி எடுக்க வேண்டும், முதல் கொத்தை வெட்டுகிற ஞானத்தாயாக ஹெர்மிலாதான் நிற்க வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். வந்த புதிதில் மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் நீங்கள் கிடந்தபோது கொக்கா இலைத் தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவள் நான்தானாம். நல்லதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு என்னை இப்படி வதைக்கிறீர்களே அண்ணி. அம்மா சந்தோஷத்தில் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். குழந்தைக்கு நான் கொடுக்க வேண்டிய ஆட்டுக்குட்டியைக்கூட அவளே பார்த்து வைத்திருக்கிறாள், காதில் சிவப்பு நூல் கட்டி.

உங்கள் குழந்தையின் தலையில் நான் கத்தரிக்கோலை வைக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால், கல்யாணப் பேச்சுக்குப் பெண்களெல்லாம் முற்றத்தில் கூடிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மருமகளாக வருகிறவள் கையில் அந்தக் கிழங்கைக் கொடுப்பது எங்கள் வழக்கம். புடைப்பும் குழியுமாக, கத்தி வழுக்கிப் போக ஒரு விரற்கடை இடம்கூட இல்லாத கிழங்கு. பெயரே மருமகளை அழவைக்கும் கிழங்கு. அதைச் சதை போகாமல் தோல் சீவினால் இவள் குடும்பத்துக்கு ஆவாள், சதையைச் சீவி எறிந்தால் பூமித்தாய் கொடுத்ததை மதிக்காதவள். அந்தச் சட்டம் உங்களுக்கு முன்னமே தெரியும். உங்கள் நோட்டில் எழுதி, பக்கத்தில் கிழங்கின் படம்கூட வரைந்து வைத்திருந்தீர்கள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. முந்தின நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு அவளுடைய சின்னக் கத்தியைக் கையில் கொடுத்தாள். முப்பது வருடம் தீட்டித் தீட்டி விரல் அளவுக்குத் தேய்ந்துபோன கத்தி. குழிக்குள் போய்த் திரும்பி வரும். "அவ ஜெயிக்கணும்டி. ஃபோர்த்துனாத்தா வாய அடைக்கணும். நாளைக்கு இத அவகிட்ட குடு" என்றாள். வெளியூர்க்காரி வேண்டாம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த எங்கள் அத்தை ஃபோர்த்துனாத்தா வாயை அடைக்க, அம்மா உங்கள் பக்கம் நின்றாள். நீங்கள் இத்தனை வருடமும் அவள் உங்களைச் சோதிக்கத்தான் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்தக் கத்தியை நான் சோளப் பானைக்குள் புதைத்து வைத்தேன். உங்கள் கையில் கொடுத்தது ஆட்டுக்குப் புல் நறுக்கும் மொட்டைக் கத்தி. அதுவும் தேய்ந்து அதே அளவுதான், தள்ளி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. முந்தின நாள் அதைக் கல்லில் தேய்த்து, இருந்த கொஞ்ச நஞ்சக் கூர்மையையும் போக்கியதும் நான்தான்.

என்ன கோபம் என்று கேட்பீர்கள். உங்கள் மேல் கோபப்பட நீங்கள் ஒரு காரணமும் தரவில்லை. அதுவே எனக்குக் கோபம். நாங்கள் வேறு வழியில்லாமல் தின்பதை நீங்கள் ரசித்து ரசித்துத் தின்றீர்கள். கினிப்பன்றி வறுவலில் காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பைத் தேடி எடுத்து, டம்ளரில் போட்டு அதிர்ஷ்டத்துக்கு விழுங்கினீர்கள், எல்லோரும் கைதட்டினார்கள். நான் விறகு சுமந்து வந்தால் அந்த முடிச்சு எப்படிப் போடுவது என்று கேட்டு வரைந்துகொண்டீர்கள். முதுகு வலிக்கிறதா என்று கேட்கவில்லை. இல்லை, அதுவும் பொய். கேட்டீர்கள். நான்தான் வலிக்கவில்லை என்றேன்.

இன்னொன்றும் உண்டு. புகுந்த வீட்டில் எனக்கும் அதே கிழங்கைக் கொடுத்தார்கள். எங்கள் அம்மாவிடம் பழகியவள், நன்றாகத்தான் சீவினேன். ஒரு குழியில் மட்டும் கொஞ்சம் சதை போய்விட்டது. அதை வைத்து அந்த மாமியார் ஒரு வருடம் சிரித்தாள், என் வீட்டுக்காரனும் கூடச் சேர்ந்து சிரித்தான். நான் மூட்டையோடு திரும்பி வந்த கதை உங்களுக்குத் தெரியும். அப்படி வந்து உட்கார்ந்திருந்த வீட்டில், எங்கிருந்தோ வந்த ஒருத்தி எல்லாவற்றிலும் ஜெயித்துக்கொண்டிருந்தாள். இதில் ஒன்றிலாவது தோற்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கை வெட்டுப்படும் என்று நினைக்கவில்லை, அண்ணன் ஊரை விட்டுப் போவான் என்றும் நினைக்கவில்லை.

நீங்கள் அழவில்லை. இரத்தம்தான் வந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு கடைசிக் குழி வரைக்கும் சீவி முடித்தீர்கள். பாதிச் சதை போயிருந்தது. "பன்னிக்கு இன்னைக்குத் திருவிழாதான்" என்று ஃபோர்த்துனாத்தா அத்தை சொன்னாள், முற்றமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கத்தியைக் காட்டு என்று கை நீட்டினாள். நீங்கள் அதை அவளிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினீர்கள். "கத்தி மேல ஒண்ணும் இல்ல அத்தே. என் கைதான் பழகல" என்றீர்கள். சொல்லும்போது என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தெரிந்துதான் காப்பாற்றினீர்களா, தெரியாமலா?

சின்னக் கத்தியைக் கொடுத்தும் இப்படியா என்று அம்மாவுக்கு மனம் விட்டுப்போயிற்று. அதனால்தான் அன்று அவள் அண்ணனிடம் அந்தச் சொல்லைச் சொன்னாள்: "கிழங்க மதிக்கத் தெரியாதவ மனுசன எப்படிடா மதிப்பா?" அண்ணன் பதிலுக்குக் கத்தினான். மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டீர்கள். நான் பஸ் வரைக்கும் மூட்டை தூக்கி வந்தேன். பிறகு சின்னக் கத்தியைப் பானைக்குள்ளிருந்து எடுத்துக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தேன். அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது.

ஒவ்வொரு வருடமும் அறுவடையில் அந்தக் கிழங்கில் நல்லதாகப் பத்துப் பொறுக்கித் தனியாக வைக்கிறாள். மாரித் வந்தால் இன்னொரு தடவை சீவிப் பார்க்கட்டும் என்கிறாள். அது முளைவிட்டு வாடிப்போகும், அடுத்த வருடம் மறுபடி பொறுக்குவாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் வர மாட்டேன் என்றால், மகனை இரண்டாவது தடவையும் அம்மாவிடமிருந்து பிரித்தவள் நானாவேன். அந்தப் பயத்தில்தான் இரண்டு வாரமாக எழுதி எழுதி அடுப்பில் போட்டேன். சொல்லாமல் உங்கள் பிள்ளைக்கு ஞானத்தாயாகி, காலம் முழுக்க அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டு சிரித்துப் பேச என்னால் ஆகாது.

ஜூன் 22.

பார்சல் கொண்டுபோகிற வண்டி இரண்டு நாள் தாமதம். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் எழுத்தில் சொல்லிவிட்டு அவளிடம் மறைப்பது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே உறைகிழங்கைப் புரட்டிப் போட்டாள். அன்று முழுக்க என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

மறுநாள் காலை புல் நறுக்கும் கத்தியையும், உங்களுக்காக எடுத்து வைத்த பத்துக் கிழங்கையும் என் முன்னால் வைத்தாள். "உரி" என்றாள். எதிரில் கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கை பழகியது, பிறந்ததிலிருந்து சீவுகிறேன். ஆனாலும் முதல் கிழங்கிலேயே இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். தோலோடு கட்டி கட்டியாகச் சதை வந்தது. மூன்றாவது கிழங்கோடு கையை எடுத்துவிட்டேன், முடியவில்லை அம்மா என்றேன். அழுதேன். கிழங்கின் பெயரில் மருமகள்தான் இருக்கிறாள், மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா கத்தியை வாங்கி வாய்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் தடவினாள்.

"இதுலயா அவ கடைசி வரைக்கும் உரிச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப அவ தோக்கலையேடி" என்றாள்.

எழுந்து சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். முட்டி வலியோடு அந்த மேடு முழுக்க ஏறி ஃபோர்த்துனாத்தா அத்தை வீட்டு வாசலுக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். அங்கே எல்லோர் முன்னாலும் என் வாயாலேயே சொல்ல வைத்தாள். ஃபோர்த்துனாத்தா அத்தைக்கு முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை. இனி இந்த மலையில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

பார்சலில் உறைகிழங்கு ஒரு பை, காய்ந்த மிளகாய், வாசனை இலை, எல்லாம் வைத்திருக்கிறேன். அடியில் கம்பளித் துணியில் சுற்றியிருப்பது அம்மாவின் சின்னக் கத்தி. நான் வைக்கவில்லை, அவளே வைத்தாள். அது நான்கு வருடத்துக்கு முன்பே உங்களுடையதாம். பார்த்துப் பிரியுங்கள், நேற்று தீட்டியிருக்கிறாள்.

அண்ணி, வாருங்கள். என்மேல் கோபம் இருந்தால் கோபத்தோடேயே வாருங்கள். நான் இருக்கும் வீட்டில் தங்கப் பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், அந்த நாட்களில் நான் மேல் தொழுவத்தில் ஆடுகளோடு இருந்துகொள்கிறேன். அம்மா தன் மகனையும் உங்களையும் பார்க்கட்டும். கத்தரிக்கோலை யார் கையில் கொடுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், உங்கள் மனதுக்கு ஒப்பிய ஒருத்தியிடம் கொடுங்கள். சிவப்பு நூல் கட்டிய குட்டி எப்படியும் உர்பிக்குத்தான். வெட்டிய முடி விழுகிற தட்டை ஏந்திக்கொண்டு ஒருத்தி ஓரமாக நிற்க வேண்டுமே, அதை மட்டும் எனக்குக் கொடுப்பீர்களா? ஒரு இழைகூடக் கீழே விழாமல் பார்த்துக்கொள்வேன்.

பூமித்தாய் உங்கள் மூவரையும் காக்கட்டும், தொட்டியிலிருந்தாவது.

உங்கள் பதிலுக்கு மலைப்பாதையைப் பார்த்திருக்கும்,
ஹெர்மிலா.