அவர் போடாத பாட்டு

அவனியாபுரம்,
ஞாயிறு காலை.

அன்புத் தங்கை மைத்ரேயிக்கு,

சென்னையில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும், நீ சார் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

என் போன் மகன் சூர்யபிரகாஷிடம் இருக்கிறது. கண்டவர்களும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறார்களாம். கேட்டிலும் ஆள் போட்டிருக்கிறான். சமயநல்லூரிலிருந்து இவருடைய தம்பி பார்க்க வந்தார். "அண்ணன் தூங்குறாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவர் விழித்துத்தான் இருந்தார். தம்பியின் குரல் தேய்ந்து போகும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போயின. புத்தி அப்படியே இருக்கிறது. குக்கர் விசிலுக்குக்கூட முகத்தைச் சுளிக்கிறார், சுருதி சேரவில்லையாம்.

'படுக்கையிலிருந்தே அழகுமலையின் புதுப் பாட்டு' என்று வந்ததைக் கேட்டு நீ சந்தோஷப்பட்டதாகச் சூர்யா சொன்னான். அது இவர் போட்டதில்லை, மைத்ரேயி. பழைய பாட்டுகளை வெட்டி ஒட்டி அவன் கம்ப்யூட்டரில் செய்தது. போட்டுக் காட்டியபோது இவர் இடது கையால் காதைப் பொத்தினார். ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது. இன்னொன்றை நான் பொத்தினேன்.

மகனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். "அப்பா பேரு மறஞ்சு போயிரும்மா" என்று என் மடியில் அழுதான். அந்தப் பேர் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாது. வயல் கூலிக்குப் போன வீட்டில் பிறந்து, கல்யாண பேண்டில் கிளாரினெட் ஊதி, சினிமாவுக்கு வந்தவர். பிராகாவில் அத்தனை வெள்ளைக்கார வாத்தியக்காரர்களை முன்னால் நின்று நடத்தியபோது, தான் குச்சியால் காட்டிய தாளம் தப்பு என்று தெரிந்ததும் சபை முன்னாலேயே நிறுத்தி மறுபடி தொடங்கினார். அன்று நீயும் அவர்களோடு வயலின் வாசித்தாயே.

இப்போது தமுக்கம் மைதானத்தில் கச்சேரியாம். இவரைச் சக்கர நாற்காலியில் மேடையேற்றி, கையில் குச்சி கொடுத்து, அந்த ஒட்டுப் பாட்டை வாசிக்கப்போகிறார்களாம். "நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்ப்பா, மத்தத அவுங்க பாத்துக்கிருவாங்க" என்றான். இவர் கண்களை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று இவர் சொல்வது இப்போது அப்படித்தான். சூர்யா களைப்பு என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டுப் போனான்.

முதல் வயலினுக்கு உன்னைத்தான் கூப்பிடப்போகிறான். வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன், மைத்ரேயி வரட்டுமா என்று இவரிடம் கேட்டேன். கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தார்.

அதனால் வா. மற்றவர்கள் உன் வில்லைப் பார்த்துத்தான் தொடங்குவார்கள். நீ இவர் இடது கையை மட்டும் பார். அது எழும்பினால் வாசியுங்கள். எழும்பாவிட்டால், சூர்யா எவ்வளவு சைகை காட்டினாலும், ஜனம் எவ்வளவு கத்தினாலும், வில்லை மடியில் வைத்துக்கொண்டு இவரோடு உட்கார்ந்திருங்கள்.

பூக்கட்டும் முத்துமீனா மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போகும்போது இதைத் தபாலில் சேர்ப்பாள். பதில் எழுதாதே, என் கைக்கு வராது.

உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் மீனாட்சி காக்கட்டும்.

உன் அக்கா,
கனகா