இத்தாவில் போட்ட கையெழுத்து

செப்டம்பர் 30

இத்தாவில் இன்று முப்பத்திரண்டாம் நாள். புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. மகள் சஹர் இந்த நோட்டைக் கொடுத்து, "பேச ஆளில்லன்னா இதுல எழுதும்மா" என்றாள். ஐந்தாவது படித்தவள் என்ன எழுதுவேன். அவர் இல்லை. அவ்வளவுதான்.

சாயங்காலம் எதிர்வீட்டு அஞ்சலை வந்தாள். நூறு நாள் வேலையில் ஆள் வருகை எடுப்பவள். கையில் ஊராட்சிப் புத்தகம்.

"எப்டிக் கீறக்கா? துன்னியா?"

"ம்."

"காந்தி ஜெயந்திக்கு கிராம சபை. ஆள் கம்மியாக் கீதுன்னு கிளார்க்கு வேம்புலி உசுர வாங்குறாரு. உன்னால வர முடியாது, தெரியும். ஒரு கையெழுத்து மட்டும் போட்ரு."

பக்கத்தின் மேல்பாதி வெறுமை. கீழே எட்டுக் கைநாட்டு, ஒரு கையெழுத்து. சபைக்குப் போனாலும் இப்படித்தான், உள்ளே நுழையும்போதே வாங்கிவிடுவார்கள். அவள் முதலில் போட்டாள். நான் அடுத்து போட்டேன். "அழகா எழுதுறக்கா" என்றாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்டோபர் 9

மழை. தெருமுனைக் கால்வாய் இன்னும் திறந்தே கிடக்கிறதாம். அவர் போன அன்றைக்கும் இப்படித்தான். ரோடு எது, கால்வாய் எது என்று தெரியாத தண்ணீர். விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டு சைக்கிளில் வந்தார். ஒரு மூடி போட்டிருந்தால் —

நவம்பர் 12

பின்தெரு ஃப்ளாட்டிலிருந்து நிவேதிதா வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. குடியிருப்போர் சங்கத்துக்காக மனு எழுதுவதும் அவள்தான். அக்டோபர் சபைத் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதைப் படித்துக் காட்டினாள். 'மேற்படி தெருவில் மழைநீர்க் கால்வாய்க்கு மூடி போடும் பணி முழுவதும் முடிந்தது என சபை ஏகமனதாக ஏற்கிறது.' கீழே நாற்பத்தாறு பேர். பதினொன்றாவது நான்.

"முடிஞ்சதுன்னு எழுதிட்டா இனிமே யாரும் மூடி போட வர மாட்டாங்கம்மா. நீங்க அன்னிக்கு சபைக்குப் போனீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் உழுந்த பள்ளத்த மூடியாச்சுன்னு நானே கையெழுத்து போட்டுக்கீறேன். இன்னா பொம்பள நான்.

நவம்பர் 13

சோறு இறங்கவில்லை.

நவம்பர் 20

நிவேதிதா சொல்கிறாள்: "நீங்க இத்தாவுல இருந்தது ஊருக்கே தெரியும். சபைக்குப் போயிருக்கவே முடியாது. ஜனவரி சபையில எழுந்து அதை மட்டும் சொல்லுங்க. அந்தத் தீர்மானம் நிக்காது."

கொழுந்தன் ஜுல்ஃபிகர் வாசலுக்கு வெளியே நின்றபடி, "வாணாம் அண்ணி. அவங்க இன்னிக்கு இந்த ஃப்ளாட்டு, நாளைக்கு வேற ஊரு. நாமதான் இங்கியே குப்ப கொட்டணும்" என்றார். அதுவும் சரிதானே?

மத்தியானம் அஞ்சலை பின்கதவு வழியாக வந்தாள்.

"என் பேர இஸ்த்து உட்ராதக்கா. வேல பூடும்."

"மேல இன்னா எழுதப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுக்கா. உனக்கு மேல, பத்தாவது நாந்தான போட்டேன்."

அன்றைக்குக் கால்வாயில் இறங்கி அவரைத் தூக்கியது அவள் புருஷன் பூபாலன்தான். இவளை எப்படிக் காட்டிக் கொடுப்பேன். சும்மாவும் எப்படி இருப்பேன்.

ஜனவரி 5

இத்தா முடிந்தது. தெருமுனை வரை போனேன். கால்வாய் ஓரத்தில் யாரோ ஒரு முருங்கைக் கிளையை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். ஸ்கூல் பிள்ளைகள் அதைத் தொட்டுக்கொண்டே தாண்டிப் போகிறார்கள். பார்க்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

ஜனவரி 26

சபை நுழைவிலேயே வேம்புலி புத்தகத்தை நீட்டினார்.

"கையெழுத்து போட்டுட்டு உள்ள போம்மா."

"தீர்மானம் எழுதின அப்புறம் போடுறேன்."

"இது வருகைக்குத்தாம்மா."

"போன வாட்டியும் வருகைக்குத்தான்."

எனக்குப் பின்னால் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "இன்னாத்துக்கு நிக்குது லைனு, பாமாயில் வந்துகீதா?" என்று எங்கள் தெரு பத்மா கேட்டாள். பின்னால் சிரித்தார்கள்.

பிறகு மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். "அக்டோபர்ல நான் இத்தாவுல இருந்தேன். இங்க வரல. ஆனா பதினொண்ணாவது கையெழுத்து என்னுது. வெத்துப் பக்கத்துல போட்டேன்."

ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி ரகுநாதன், "புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது யார்?" என்று கேட்டார். அஞ்சலை தண்ணி டிரம் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"போட்டது நான் சார். என்னக் கேளுங்க."

"நானுந்தான் வெத்துல போட்டேன்" என்றாள் பத்மா. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் யார் யாரோ. ரகுநாதன் தெருவுக்கு வந்து கால்வாயை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போனார். வேம்புலி என்னைக் கடந்து போகும்போது, "ஃப்ளாட்டுக்காரங்க பேச்சக் கேட்டு ஆடுறியா" என்றார்.

பிப்ரவரி 19

நான் பெயர் சொல்லவில்லை. ஆனாலும் அஞ்சலையிடமிருந்து வருகை எடுக்கும் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அவளும் மண்வெட்டி எடுக்கிறாள். அவளுக்காக நிவேதிதா ஒரு மனு எழுதியிருக்கிறாள். பதில் இல்லை. வாசலில் என்னைப் பார்த்தால் அஞ்சலை உள்ளே போய்விடுகிறாள்.

நான் செய்தது சரியா?

மார்ச் 22

தண்ணீர் தினத்துக்கு சபை. மூடி பாதித் தெரு வரைக்கும் வந்திருக்கிறது. மீதிக்குத் தீர்மானம். எழுதும் முன் யாரும் கையெழுத்து போடவில்லை. வேம்புலி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்து, கடகடவென்று படித்தார். ஒன்றும் விளங்கவில்லை.

"நஜ்மாக்கா கையில குடு. அது நிறுத்திப் படிக்கும்" என்றது பின்வரிசையில் ஒரு குரல். அஞ்சலை. என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். 'கால்வாய் மூடப்படாமல் இருந்ததால் அதில் விழுந்து இறந்த' வரைக்கும் வந்துவிட்டேன். அடுத்தது அவர் பெயர். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் அதை நான் வாயால் சொன்னதில்லை. சபை காத்திருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பஷீருதீன் என்று படித்தேன். மிச்சத்தையும் படித்தேன். பிறகு கையெழுத்து போட்டேன்.